மூடுவதற்கு முன் விற்க முன்வாருங்கள்: வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மைக்ரோசாஃப்ட், சோனி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், வார்னர் பிரதர்ஸ், எம்ப்ரேசர் என்று பெயர்கள் வேறுபட்டாலும், கடந்த பத்தாண்டுக்குள் நீங்கள் அனைவரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறீர்கள்: உங்களுக்குச் சொந்தமான கேம் ஸ்டுடியோ ஒன்றையோ பலவற்றையோ மூடியிருக்கிறீர்கள். இனி எந்த ஸ்டுடியோவையும் மூடவே கூடாது என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. கேம் தயாரிப்பு பெருஞ்செலவு பிடிக்கும் தொழில் என்பதும், பல ஆண்டு உழைப்பில் உருவான ஒரு கேம் வெளிவந்த வேகத்திலேயே முடங்கிவிடக்கூடும் என்பதும் விளையாடுகிறவர்களுக்கும் தெரியும். சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டதை நாங்களும் பார்த்தோம். அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவை மூடும் செய்தி அந்த அக்டோபர் இறுதியில் வந்தபோது வருந்தியவர்கள் உண்டு. வியந்தவர்கள் அதிகம் இல்லை.

நான் கேட்பது அதைவிடச் சிறிய ஒன்று. ஒரு ஸ்டுடியோவை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று நீங்கள் முடிவெடுக்கும் நாளுக்கும் அதன் கதவைச் சாத்தும் நாளுக்கும் இடையில், அதை அங்கே வேலை செய்கிறவர்களுக்கோ வெளியில் உள்ள வேறொருவருக்கோ விற்க நீங்கள் மெய்யாகவே முயல வேண்டும். அந்த முயற்சி உங்கள் நிறுவனத்தில் எழுதி வைக்கப்பட்ட விதியாக இருக்க வேண்டும். இப்போது அது அவ்வப்போது பொறுப்பில் இருப்பவரின் மனப்போக்கையும் தற்செயலையும் பொறுத்ததாக இருக்கிறது. வைத்துக்கொள்வது, மூடுவது என்ற இரண்டு வழிகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. விடுவிப்பது என்ற மூன்றாவது வழி, பலமுறை நடந்து நல்ல பலனும் தந்திருந்தும், யாராவது வந்து வாசலில் நின்று கேட்டால்தான் பேச்சுக்கு வருகிறது.

2024 மே 7 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலர் மதிப்பில் வாங்கி முடித்து ஏழு மாதம்கூட நிறையாத நிலையில், மைக்ரோசாஃப்ட் தன் பெதஸ்டா பிரிவில் இருந்த ஆர்கேன் ஆஸ்டின், டாங்கோ கேம்வொர்க்ஸ், ஆல்ஃபா டாக் கேம்ஸ் ஆகிய ஸ்டுடியோக்களை மூடுவதாக அறிவித்தது. இவற்றில் டோக்கியோவைச் சேர்ந்த டாங்கோ, 2023 ஜனவரி 25 அன்று, அறிவித்த அன்றே வெளியிட்ட ‘ஹை-ஃபை ரஷ்’ கேமுக்காக, அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான விருதையும், 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அனிமேஷன் விருதையும் பெற்றிருந்தது. அந்தக் கேம் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தே இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. விருது வாங்கிய மறுமாதம் ஸ்டுடியோவை மூடும் அறிவிப்பு வந்தது. அதற்கு அடுத்த நாளே, நமக்கு மதிப்பும் விருதும் பெற்றுத்தரும் சிறிய கேம்கள் தேவை என்று அதே நிறுவனத்தின் கேம் ஸ்டுடியோக்களுக்குப் பொறுப்பான தலைவர் ஊழியர் கூட்டத்தில் பேசியதாக ‘தி வெர்ஜ்’ செய்தி வெளியிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அதன்பின் நடந்ததுதான் இந்த மடலுக்குத் தேவையானது. அந்த ஆகஸ்டில், தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் டாங்கோவின் பெயரையும் ‘ஹை-ஃபை ரஷ்’ கேமின் உரிமையையும் வாங்கி, அந்தக் குழுவினருக்கு மீண்டும் வேலை கொடுக்க முன்வந்தது. டாங்கோவின் முந்தைய கேம்களான ‘தி ஈவில் விதின்’, ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ ஆகியவற்றின் உரிமை மைக்ரோசாஃப்ட்டிடமே தங்கியது. ஆக, வாங்க ஆள் இருந்தார். விற்க வழி இருந்தது. எந்த உரிமையைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று பேசித் தீர்க்கவும் முடிந்தது. ஸ்டுடியோ மூடப்பட்ட பிறகு மூன்று மாதத்தில் முடிந்த இந்த வேலையை, மூடும் அறிவிப்புக்கு முன்னால் ஏன் தொடங்கியிருக்கக் கூடாது? இடைப்பட்ட காலத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போனவர்களைக் கிராஃப்டன் மட்டுமல்ல, யார் நினைத்தாலும் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது.

‘ஹை-ஃபை ரஷ்’ விளையாடாத இயக்குநர் குழு உறுப்பினர் எவரேனும் இருக்கக்கூடும் என்பதால், ஒரு ஸ்டுடியோ கலையும்போது போவது என்ன என்பதை அதைக் கொண்டே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாயகன் சாயின் நெஞ்சில் தற்செயலாக ஒரு பாட்டுப்பெட்டி பதிந்துவிட, அவன் நடக்கும் உலகம் முழுவதும் பாட்டின் தாளத்துக்கு அசையத் தொடங்குகிறது. எந்திரங்கள் தாளத்துக்கு ஏறி இறங்குகின்றன, எதிரிகள் தாளத்துக்குத் தாக்குகிறார்கள், தாளத்தைத் தவறவிடுகிறவருக்கு உதவியாக 808 என்ற எந்திரப் பூனை அவன் அருகிலேயே மிதந்து துடித்துக் காட்டுகிறது. இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது இனிமேல்தான் இருக்கிறது. விளையாடுகிறவர் பட்டனைத் தாளம் தப்பி அழுத்தினாலும் கேம் அவரைத் தண்டிப்பதில்லை. சாய் கை ஓங்கும் அசைவைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ, அடி விழும் கணத்தை மட்டும் தாளத்தின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. தாளத்தோடு அழுத்தினால் கூடுதல் பலன் உண்டு, அவ்வளவுதான். இசைஞானம் இல்லாத ஒருவர்கூட, தான் தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டிருப்பதாகவே உணர்கிறார்.

இந்த ஒரு சிறு ஏற்பாட்டுக்கு அனிமேஷன் செய்கிறவர், இசையமைக்கிறவர், சண்டையை வடிவமைக்கிறவர், புரோகிராம் எழுதுகிறவர் ஆகிய நால்வரும் ஒருவர் வேலையை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். எத்தனை நொடியின் பங்குக்கு ஓர் அசைவை நீட்டினால் கண்ணுக்கு உறுத்தாது என்பது எந்த ஆவணத்திலும் முழுமையாக எழுதப்பட்டிருக்காது. அது நால்வரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கண்டுகொண்டது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு நேராக ஊழியர் எண்ணிக்கையும், வாடகையும், கேமின் உரிமை மதிப்பும் இருக்கும். இந்தக் கூட்டறிவுக்கு அங்கே தனி வரி கிடையாது. வரி இல்லாததால் அதை அழிக்கும்போது நஷ்டமும் காட்டவேண்டியதில்லை.

பெயர் இருந்தால் குழு இருப்பதாக ஆகிவிடாது என்பதற்கு அதே நாளில் மூடப்பட்ட ஆர்கேன் ஆஸ்டினே சாட்சி. 2017-ல் அவர்கள் உருவாக்கிய ‘பிரே’ கேமில், மேசைமேல் இருக்கும் காபிக் கோப்பை உண்மையில் கோப்பைதானா, கோப்பை உருவெடுத்து உட்கார்ந்திருக்கும் வேற்றுயிரியா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கும். பசைநுரையைப் பீச்சும் துப்பாக்கியால் சுவரில் படிபடியாகக் கட்டிகளை ஒட்டி, பூட்டிய கதவை விட்டுவிட்டு மேல்மாடத்தின் வழியாக உள்ளே புகலாம்; அப்படிப் புகுந்தாலும் அங்கே ஏதாவது ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும். இப்படி யோசித்து இடங்களைக் கட்டத் தெரிந்த குழுவிடமிருந்து 2023 மே மாதம் வந்தது ‘ரெட்ஃபால்’ என்ற கூட்டாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். அது விமர்சகர்களிடமும் விளையாடுகிறவர்களிடமும் தோற்றது. ‘பிரே’யில் பணியாற்றியவர்களில் பெரும்பாலானோர் ‘ரெட்ஃபால்’ முடிவதற்குள் ஸ்டுடியோவை விட்டுப் போய்விட்டார்கள் என்று ‘புளூம்பெர்க்’ பின்னர் எழுதியது. தங்கள் கைக்கு வராத வகைக் கேம் ஒன்றில் ஒரு குழு ஆண்டுக்கணக்காக ஈடுபட நேர்ந்து, நடுவிலேயே பாதி கரைந்து, மீதியும் மூடப்பட்ட கதை அது. ‘ரெட்ஃபால்’ வெளிவந்த ஓராண்டில் ஆஸ்டின் ஸ்டுடியோவின் ஆயுள் முடிந்தது. மூடும் முன் கடைசியாக ஒரு புதுப்பிப்பை வெளியிட்டு, இணைய இணைப்பு இல்லாமலும் ‘ரெட்ஃபால்’ விளையாட வழி செய்துவிட்டுப் போனார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். வேலை போகும் என்று தெரிந்தபின்னும் வாங்கியவரை நினைத்துச் செய்த அந்த வேலைக்கு நன்றி சொல்ல இந்த மடலில் எனக்குக் கிடைத்த இடம் இதுதான்.

விற்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒத்துவரும் என்பதை நிரூபித்தது வெற்றிபெற்ற நிறுவனம் ஒன்று அல்ல, திவாலான ஒரு நிறுவனம்.

டி.ஹெச்.க்யூ. என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் 2012 டிசம்பர் 19 அன்று அமெரிக்கத் திவால் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரியது. நிறுவனத்தை மொத்தமாக ஒரே முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிடுவது என்பதே முதலில் இருந்த திட்டம். கடன் கொடுத்தவர்கள் அதை எதிர்த்தார்கள். தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். நீதிமன்றக் கண்காணிப்பில் 2013 ஜனவரியில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக, கேம் கேமாக ஏலம் நடந்தது. ரெலிக் ஸ்டுடியோவைச் சேகா நிறுவனம் 2 கோடியே 66 லட்சம் டாலருக்கு எடுத்தது. வொலிஷன் ஸ்டுடியோவும் ‘செயின்ட்ஸ் ரோ’ உரிமையும் ஏறத்தாழ 2 கோடியே 23 லட்சம் டாலருக்கு ஜெர்மனியின் கோச் மீடியாவிடம் போயின. ரெலிக் முன்பு உருவாக்கிய ‘ஹோம்வேர்ல்ட்’ என்ற பழைய கேமின் உரிமையை அந்த ஏப்ரலில் 13.5 லட்சம் டாலருக்கு கியர்பாக்ஸ் என்ற கேம் நிறுவனம் வாங்கியது. முன்னாள் ரெலிக் ஊழியர்கள் தொடங்கிய பிளாக்பேர்ட் என்ற ஸ்டுடியோ கியர்பாக்ஸோடு கைகோத்து 2016-ல் அந்த உலகத்தில் இன்னொரு கேமையும் உருவாக்கியது. ரெலிக்கின் கதை இன்னும் முடியவில்லை: சேகாவின் கீழ் பதினோர் ஆண்டுகள் இருந்துவிட்டு, 2024-ல் வெளி முதலீட்டாளரின் துணையோடு தனி நிறுவனமாகப் பிரிந்தது.

எல்லாருக்கும் நல்லபடியாக அமையவில்லை. ‘டார்க்சைடர்ஸ்’ கேம்களை உருவாக்கிய விஜில் ஸ்டுடியோவை அந்த ஏலத்தில் யாரும் கேட்கவில்லை, அது மூடப்பட்டது. ஆனால் கேமின் உரிமை சில மாதங்களில் நார்டிக் கேம்ஸிடம் விலைபோனது. விஜிலில் இருந்த பலர் முதலில் கிரைடெக்கின் அமெரிக்க ஸ்டுடியோவாகவும், அதுவும் நிலைக்காமல் போனபின் கன்ஃபயர் கேம்ஸ் என்ற பெயரிலும் ஒன்றுசேர்ந்தார்கள். 2018-ல் வெளிவந்த ‘டார்க்சைடர்ஸ் 3’ அவர்கள் கையிலிருந்தே வந்தது. உரிமை ஒருபுறமும் மனிதர்கள் மறுபுறமும் பிரிந்துபோனாலும், இரண்டும் சந்தையில் இருந்தால் மீண்டும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கையில் காசில்லாத நிறுவனம் தன் ஸ்டுடியோக்களுக்கு ஆள் தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. ஏனென்றால் கடன்காரர்கள் விடவில்லை, நீதிபதி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நிறையக் காசுள்ள நிறுவனமோ அதே அளவுள்ள ஸ்டுடியோவை ஒரே காலைப்பொழுதில் மூடிவிட முடிகிறது. பணமில்லாதவரைக் கட்டிய சட்டம் பணமுள்ளவரைக் கட்டுவதில்லை. வொலிஷனுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தாய் நிறுவனம் திவாலாகியும் அந்த ஏலத்தில் பிழைத்துக்கொண்ட வொலிஷன், அதை வாங்கிய கோச் மீடியா 2018-ல் கைமாறியதால், பின்னாளில் எம்ப்ரேசர் என்று பெயர் பெற்ற குழுமத்துக்குள் வந்தது. 2023 மே மாதம் எம்ப்ரேசர் எதிர்பார்த்திருந்த 200 கோடி டாலர் மதிப்பிலான கூட்டு ஒப்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் கைநழுவியது. மறுசீரமைப்பு என்ற பெயரில் செலவுக் குறைப்பு தொடங்கியது. ஆகஸ்ட் 31 அன்று, உடனடியாக நடைமுறைக்கு வரும் வகையில், ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உள்ள வொலிஷன் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘செயின்ட்ஸ் ரோ’ எதிர்பார்த்தபடி போகவில்லை என்பது உண்மை. திவாலில் தப்பித்த ஸ்டுடியோ மறுசீரமைப்பில் தப்பிக்கவில்லை என்பதும் உண்மை.

நீதிமன்றம் கட்டாயப்படுத்தாமலே நடந்த விடுவிப்புகளும் உண்டு. 2017 மே மாதம் ஸ்கொயர் எனிக்ஸ், கோபன்ஹேகனில் இருக்கும் ஐ.ஓ. இன்டராக்டிவ் ஸ்டுடியோவிலிருந்து தான் விலகிக்கொள்வதாகவும், அதற்குப் புதிய முதலீட்டாளரைத் தேடுவதாகவும் வெளிப்படையாகவே அறிவித்தது. அடுத்த மாதமே ஸ்டுடியோவின் நிர்வாகத்தினர் அதை வாங்கிக்கொண்டார்கள். ‘ஹிட்மேன்’ கேமின் உரிமையும் அவர்களோடு போனது. இடையில் ஆட்குறைப்பு நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2018-ல் ‘ஹிட்மேன் 2’ வந்தது, 2021-ல் ‘ஹிட்மேன் 3’ அவர்களின் சொந்த வெளியீடாகவே வந்தது, ஜேம்ஸ் பாண்ட் கேம் உருவாக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. 2007-ல் ‘ஹேலோ’ கேம்களை உருவாக்கிய பங்கி ஸ்டுடியோ மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பிரிந்தபோது ஏற்பாடு நேர்மாறாக இருந்தது: ‘ஹேலோ’ உரிமை மைக்ரோசாஃப்ட்டிடம் நின்றது, மனிதர்கள் வெளியே போனார்கள். அப்படிப் போன பிறகும் 2009-லும் 2010-லும் அதே மைக்ரோசாஃப்ட்டுக்காக ‘ஹேலோ’ வரிசையில் இரண்டு கேம்களை அவர்களே செய்து கொடுத்தார்கள். 2024 தொடக்கத்தில், பெருத்த ஆட்குறைப்பு நடந்த அதே சில வாரங்களுக்குள், டாய்ஸ் ஃபார் பாப் ஸ்டுடியோ மைக்ரோசாஃப்ட்டின் சம்மதத்தோடு தனித்துப் போனது. பழைய முதலாளியோடு கூட்டு வைத்துக்கொள்ளவும் பேச்சு நடத்தியது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு: பிப்ரவரியில் ஒரு ஸ்டுடியோவை விடுவிக்க முடிந்தவர்களால் மே மாதத்தில் அதை நினைத்துப்பார்க்க முடியவில்லை. விதி என்று ஒன்று இல்லாததன் விளைவு இதுதான்.

உங்கள் தரப்பில் எழக்கூடிய வாதங்களில் வலுவானது, கேமின் பெயரும் பாத்திரங்களும் நிறுவனத்தின் சொத்து, அவற்றை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நாமே அதில் கேம் செய்ய முடியாமல் போகும் என்பது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2017-ல் மூடிய விசரல் ஸ்டுடியோவின் ‘டெட் ஸ்பேஸ்’ கேமை, அதே நிறுவனத்தின் மோட்டிவ் ஸ்டுடியோ 2023-ல் புதிதாக உருவாக்கி நல்ல பெயரும் வாங்கியது என்பதை நீங்கள் எடுத்துக்காட்டலாம். நியாயமான எடுத்துக்காட்டு, அந்தக் கேம் நன்றாகவே இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கணக்கை மிகுந்த திறமையோடு மறுபடி போட்டுக்காட்டியது. முதல்முறை போட்டவர்கள் கையில் இருந்திருக்கக்கூடிய அடுத்த கணக்கு என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலும், மேலே சொன்ன டாங்கோ, ஐ.ஓ., பங்கி ஆகிய மூன்றிலும் உரிமை மூன்று விதமாகப் பங்கிடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் ஒரு கேமின் உரிமை மட்டும் போனது, ஓரிடத்தில் முதன்மையான உரிமையே போனது, ஓரிடத்தில் உரிமை எதுவுமே போகவில்லை. ஸ்டுடியோவை விடுவிப்பது என்றாலே உரிமையை இழப்பது என்று அர்த்தமில்லை.

உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1994-ல் தொடங்கப்பட்ட மோனோலித் ஸ்டுடியோவை வார்னர் பிரதர்ஸ் 2025 பிப்ரவரியில் மூடியது. அங்கே உருவாகிக்கொண்டிருந்த ‘வொண்டர் வுமன்’ கேமும் கைவிடப்பட்டது. மோனோலித்தின் 2014 கேமான ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ வழியாக வந்த நெமசிஸ் முறை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உங்களைக் கொன்ற ஓர் அற்ப எதிரி அதனாலேயே பதவி உயர்வு பெறுகிறான், பெயரும் வடுவும் பெறுகிறான், அடுத்த முறை எதிர்ப்படும்போது சென்ற முறை நடந்ததைச் சொல்லிக் கேலி செய்கிறான். எழுத்தாளர் எழுதிவைக்காத ஒரு பகை, விளையாடுகிறவர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக, தானே முளைத்து வளர்ந்தது. அந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அது 2036 வரை நீடிக்கும். காப்புரிமை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த ஸ்டுடியோ இல்லை. வைக்கோற்போரின்மேல் படுத்துக்கொண்ட ஒரு பிராணியைப் பற்றித் தமிழில் பழமொழி உண்டு. மடலின் மரியாதை கருதி அதை முழுமையாகச் சொல்லாமல் விடுகிறேன். ஸ்டுடியோவை மூடிய நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், அதை உருவாக்கியவர்கள் நியாயமான கட்டணத்தில் பயன்படுத்திக்கொள்ள உரிமம் தரலாம். உரிமைக்காரர் நீங்களாகவே இருப்பீர்கள். பணமும் உங்களுக்கே வரும்.

விற்கப்போகிற செய்தி கசிந்தால் நல்ல ஊழியர்கள் முதலில் ஓடிவிடுவார்கள், பங்குச் சந்தை விதிகளும் இடிக்கும் என்பது இன்னொரு வாதம். மூடினால் எல்லாருமே போய்விடுவார்கள் என்பதால் முதல் பாதிக்குப் பெரிதாகப் பதில் தேவையில்லை. இரண்டாவது பாதிக்கு ஸ்கொயர் எனிக்ஸ் பதில் சொல்லிவிட்டது. அதுவும் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம்தான், அறிவித்துவிட்டுத்தான் ஆள் தேடியது.

நடைமுறையில் என்ன வேண்டும் என்று கேட்டால், என் யோசனை இவ்வளவே. மூடுவது என்று முடிவானதும் தொண்ணூறு நாள் ஒதுக்குங்கள். முதல் முப்பது நாள் ஸ்டுடியோவின் நிர்வாகத்தினரும் ஊழியர்களும், அங்கே தொழிற்சங்கம் இருந்தால் அதுவும், வாங்கும் திட்டத்தோடு வருவதற்கு. அது கூடிவரவில்லையென்றால் மீதி நாட்கள் வெளியாருக்கு. பெருமளவு ஆட்குறைப்புக்கு முன் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களுக்கு 1988 முதலே இருக்கும் சட்டம். அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பெரும்பாலும் நீங்கள் கொடுத்துவிடவும் செய்கிறீர்கள். ஆனால் பல நேரங்களில் ஊழியரின் மின்னஞ்சலும் கணினி அனுமதியும் முதல் நாளே துண்டிக்கப்படுகின்றன. அதாவது, ஒரு குழு ஒன்றாக இருக்கும் கடைசி இரண்டு மாதத்துக்கு நீங்கள் விலை கொடுக்கிறீர்கள், ஆனால் அந்த இரண்டு மாதமும் குழுவைச் சிதறடித்து வைக்கிறீர்கள். அதே பணத்தில் அவர்களை அவர்களின் இருக்கைகளிலேயே விட்டு, பாதி முடிந்த கேமை வாங்க வருகிறவருக்குக் காட்டச் சொன்னால் உங்களுக்குக் கூடுதலாக ஆகும் செலவு அந்த மீதி முப்பது நாளுக்குரியது மட்டும்தான். விலை படிந்தால் அதுவும் திரும்பி வந்துவிடும்.

தொண்ணூறு நாளில் யாரும் வரவில்லையென்றால் மூடுங்கள். விஜிலைப்போல அதுவும் நடக்கும். அப்போதும் மூல நிரலையும், ஒலி, ஓவியக் கோப்புகளையும், ஸ்டுடியோ தனக்கென்று செய்துகொண்ட கருவிகளையும் ஒழுங்காகத் தொகுத்துப் பாதுகாக்க ஆட்களையும் நேரத்தையும் ஒதுக்குங்கள். 2012-ல் கொனாமி ‘சைலன்ட் ஹில்’ கேம்களைப் புதுப்பித்து வெளியிட முயன்றபோது, இறுதி மூல நிரல் பாதுகாக்கப்படாமல் போயிருந்ததால், முடிவுறாத நிரலை வைத்துக்கொண்டு வேலை செய்ய நேர்ந்து, வந்த கேம் குறைகளோடு வந்ததை வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூடப்பட்ட ஸ்டுடியோவில் பாதியில் நின்ற வேலை பின்னாளில் வேறொரு பெயரில் வெளிவந்தால், அதில் கைவைத்த அனைவரின் பெயரும் கேமின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

உங்கள் கேம்களைத் தொடர்ந்து வாங்குகிறவர்களில் ஒருவராகவே இதை எழுதுகிறேன். ஸ்டுடியோ மூடப்பட்ட செய்தியைக் கேட்டதும் அந்த நிறுவனத்தின் கேம்களை இனி வாங்க மாட்டோம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. மீதமிருக்கும் ஸ்டுடியோக்களை அது இன்னும் விரைவாக மூடப்படும் பட்டியலில் சேர்த்துவிடும். எனவே வாங்குவேன், கேட்கவும் செய்வேன். உங்களில் யாரேனும் அடுத்ததாக ஒரு ஸ்டுடியோவை மூடும் அறிக்கையை வெளியிடும்போது, கடினமான முடிவு, நன்றி, வாழ்த்து என்ற வழக்கமான வாசகங்களைத் தாண்டி ஒரு பத்தியைத் தேடுவேன்: ஊழியர்களிடம் முதலில் கேட்டீர்களா, வெளியாரிடம் எத்தனை நாள் பேசினீர்கள், எந்தெந்த உரிமைகளைப் பேச்சில் வைத்தீர்கள், ஏன் படியவில்லை. இந்த மடலுக்கு உங்கள் பதிலாக அந்தப் பத்தியையே எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் கேம்களை விளையாடுகிறவர்களில் ஒருவர்